இரண்டு பெண் நாய்களுக்கு இடையிலான சண்டை: வீட்டுக்கு வந்து வழிகாட்டிய ஆலோசனைச் சேவையைப் பற்றி

தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டில் ஜூலி, செம்பி என்று இரண்டு பெண் நாய்கள் இருக்கின்றன. ஜூலி ஏழு வயதான லாப்ரடார். செம்பி, 2021 நவம்பர் மழையில் தெருமுனைக் கால்வாய் ஓரம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியாக எங்களிடம் வந்து சேர்ந்த நாட்டு நாய். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே சாக்கின்மேல் ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்து உறங்கிய இவை இரண்டும், 2024 ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் ஏழு முறை ரத்தம் வரும்படி கடித்துக்கொண்டன. ஏழாவது சண்டைக்குப் பிறகுதான், வீட்டுக்கே வந்து நாய்களின் நடத்தையைக் கவனித்து வழி சொல்லும் இந்தச் சேவையை அழைத்தோம். மூன்று மாதங்களில் ஆறு வருகைகள், இடையிடையே தொலைபேசியில் ஆலோசனை என்பது ஏற்பாடு. அது முடிந்து இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன. முடிந்த கையோடு எழுதாமல் இவ்வளவு நாள் பொறுத்ததற்குக் காரணம் உண்டு: பெண் நாய்களின் சண்டை சில மாதங்கள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி கிளம்பக்கூடியது என்பதை நாங்கள் பட்டு அறிந்திருந்தோம்.

இவர்களுக்கு முன் வேறொரு பயிற்சியாளரிடம் போய்ப் பணத்தை மட்டுமல்லாமல் ஜூலியின் நம்பிக்கையையும் இழந்தோம் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. அவர் இரண்டு நாய்களுக்கும் கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டார். எது உறுமுகிறதோ அதைச் சுண்டி இழுத்து, மல்லாக்கப் புரட்டிப் பிடித்து, “இந்த வீட்டுல யாரு பெரியவங்கன்னு அதுக்குத் தெரியணும் சார்” என்று என் கணவரிடம் சொன்னார். மூன்று வாரங்களில் உறுமல் நின்றது உண்மைதான். ஆனால் நின்றது உறுமல் மட்டுமே. அதற்குப் பிறகு செம்பி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நேரடியாகக் கடித்தது. உறுமல் என்பது ‘விலகிப் போ’ என்று நாய் சொல்லும் சொல் என்பதும், அந்தச் சொல்லுக்குத் தண்டனை கொடுத்தால் நாய் சொல்வதை விட்டுவிட்டுச் செய்யத் தொடங்கிவிடும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தன. நாயைப் புரட்டிப் பிடித்து அடக்கும் அந்த முறையின் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியவற்றில் இருக்கிறது. அந்தக் கருத்தை ஒரு காலத்தில் பரப்பியவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999-இல் தாமே எழுதித் திருத்திவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊரில் அந்தப் பழைய முறை காசுக்கு விற்கப்படுவது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்தச் சேவையின் ஆலோசகர் ஓர் இளம்பெண். முதல் வருகையில் அவர் ஒன்றரை மணி நேரம் இருந்தார். அதில் ஒரு மணி நேரம் நாய்களைத் தொடவே இல்லை. ஒரு தாளில் எங்கள் வீட்டின் வரைபடத்தைப் போடச் சொன்னார். கதவுகள், சமையலறை, தண்ணீர்ப் பாத்திரங்கள், நாய்கள் படுக்கும் இடங்கள், நாங்கள் உட்காரும் நாற்காலிகள் எல்லாவற்றையும் குறித்த பிறகு, ஏழு சண்டைகளும் எங்கெங்கே நடந்தன என்று சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னார். ஐந்து புள்ளிகள், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் மூன்றடி அகலமே உள்ள நடைவழியில் விழுந்தன. மற்ற இரண்டும் வாசல் கிரில் கேட்டுக்கு அருகே. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், “ஏம்மா, ரெண்டும் ஒரே தட்டுல தின்னுட்டு ஒண்ணாக் கிடந்ததுங்க. இதுல எது மேல தப்பு, அதச் சொல்லு” என்று கேட்டார். ஆலோசகர், “தப்பு யார் மேலயும் இல்லம்மா. அந்த இடத்துல ஒண்ணு வழி விடணும்னா கூட அதுக்கு இடமில்ல” என்று பதில் சொன்னார். ஒன்பது மாதங்களாக எந்த நாய் குற்றவாளி என்று வீட்டில் ஆளாளுக்குக் கட்சி பிரிந்து வாதாடிக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தப் பதில் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தது.

பிறகு அவர் எங்கள் கண்ணைப் பழக்கினார். இதற்கு மட்டுமே இரண்டு வருகைகள் ஆயின. மீன் பொரிக்கும் நேரத்தில் சமையலறை வாசற்படியில் செம்பி படுத்திருக்கும். ஜூலி கூடத்திலிருந்து மெதுவாக வரும். இந்தக் காட்சியைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லி, பிறகு அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஜூலி நடைவழியில் கால் வைத்ததும் செம்பியின் திறந்த வாய் மூடுகிறது. நாக்கு ஒரு முறை மூக்கைத் தொட்டு உள்ளே போகிறது. ஆடிக்கொண்டிருந்த வால் நுனி நிற்கிறது. தலை திரும்பாமலே கண் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து, வெள்ளை விழி பிறை போலத் தெரிகிறது. ஜூலி இவற்றைக் கண்டு ஒரு கணம் நின்று முகத்தைத் திருப்புகிறது. ஆனால் அதன் பின்னால் என் மாமியார் கையில் தட்டுடன் வருவதால் பின்வாங்க வழியில்லாமல் மறுபடி முன்னே வருகிறது. இவ்வளவும் நான்கு வினாடிகளுக்குள் நடந்து முடிகின்றன. நல்ல வேளையாக அன்று இருவருக்கும் இடையில் தடுப்பு இருந்தது. நாங்கள் எப்போதும் ‘திடீரென்று பாய்ந்துவிட்டது’ என்று சொல்லிவந்த சண்டையில் திடீரென்பதே இல்லை என்பதை அந்தப் படம் காட்டியது. இந்த ஒரு பாடத்துக்காகவே நான் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னது, பயிற்சியைத் தொடங்கும் முன் இரண்டு நாய்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வர வேண்டும் என்பது. வலி உள்ள நாயிடம் பொறுமையைக் கற்பிக்க முடியாது என்றார். ஜூலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. லாப்ரடார் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாக இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் நொண்டாத நாய்க்கும் வலி இருக்கலாம் என்பதும், பக்கத்தில் ஒரு துடுக்கான நாய் இடித்துக்கொண்டு ஓடும்போது அந்த வலி பல்லாக வெளிப்படலாம் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. மருத்துவர் நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்தை எழுதிக் கொடுத்தார். மனிதர்கள் உடம்பு வலிக்குச் சாப்பிடும் இபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு என்பதால், அன்பின் மிகுதியில் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செம்பியின் கதை வேறு. ஜூலிக்கு மூன்று வயதிலேயே கருத்தடை அறுவை செய்திருந்தோம்; செம்பிக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். ஆலோசகர் சண்டைத் தேதிகளையும் செம்பி சினைப்பருவத்துக்கு வந்த தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் எழுதச் சொன்னபோது எங்கள் அலட்சியம் வெளிப்பட்டது. ஜனவரியிலும் ஜூலையிலும் செம்பி பருவத்துக்கு வந்திருந்தது. சண்டைகள் அந்த நாட்களை ஒட்டியும், அவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தும் குவிந்திருந்தன. நாய் இணை சேராவிட்டாலும், பருவம் முடிந்த சில வாரங்களில் அதன் உடல் சினையாக இருப்பது போலவே நடந்துகொள்வதைப் பொய்ச்சினை என்கிறார்கள். மடி வீங்கும், பால்கூடச் சுரக்கும், மூலையில் துணியைச் சுரண்டிக் குவித்து இடம் செய்யும், ஒரு பழைய பந்தையோ செருப்பையோ குட்டியைப் போலக் காக்கும். செம்பி செப்டம்பரில் என் மகனின் ரப்பர் வாத்தைச் சோபாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. உடனே அறுவை செய்துவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். பொய்ச்சினை நடக்கும்போது அறுவை செய்தால் அந்த நிலை நீடித்துவிடக்கூடும் என்று மருத்துவர் தடுத்து, டிசம்பர் முதல் வாரத்தில்தான் செய்தார். கருத்தடை செய்தாலே பெண் நாய்களின் சண்டை தீர்ந்துவிடும் என்று ஆலோசகர் ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பருவத்தோடு தொடர்புள்ள சண்டைகள் குறையும், பழகிப்போன பகை தானாகக் குறையாது என்றே சொன்னார்.

பெண் நாய்களுக்குள்தான் இந்தத் தொல்லை அதிகமா என்று கேட்டேன். ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் சண்டை குறித்து அமெரிக்காவில் 38 ஜோடிகளை வைத்துச் செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றை அவர் எடுத்துச் சொன்னார். அவற்றில் 79 சதவீதம் ஒரே பாலினத்தைச் சேர்ந்த ஜோடிகள். பெண் நாய்கள் சம்பந்தப்பட்டவையே மிகுதி. சண்டையைத் தொடங்கியவை பெரும்பாலும் இளையதாகவும் வீட்டுக்குப் பின்னால் வந்ததாகவும் இருந்தன. செம்பிக்கு அது அப்படியே பொருந்தியது. குட்டியாக இருந்தபோது ஜூலிக்கு அடங்கிப் போன செம்பி, இரண்டு வயதைக் கடந்து முழு நாயாக வளர்ந்த பிறகு தன் இடத்தைக் கேட்கத் தொடங்கியது. அதே ஆய்வில் பலன் தந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளைத்தான் எங்களுக்கும் வகுத்துக் கொடுத்தார். உணவு, கதவு திறப்பது, தடவிக் கொடுப்பது என எது கிடைப்பதற்கு முன்னும் நாய் அமைதியாக உட்கார வேண்டும் என்பது ஒன்று. எல்லாவற்றிலும் மூத்த நாய்க்கு முதல் முறை என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டதும் என் மகன் செம்பிக்காக அழுதான். ஆனால் ஒரு மாதத்தில், தன் முறை எப்போது வரும் என்று தெரிந்துகொண்ட செம்பிதான் இருவரில் அதிக நிம்மதியடைந்தது.

இனி அன்றாட ஏற்பாடு. முதல் ஆறு வாரங்கள் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. காலை முதல் மதியம் வரை ஜூலி கூடத்தில், செம்பி பின் அறையில். மதியத்துக்கு மேல் மாற்று. நடைவழியின் இரண்டு முனைகளிலும் குழந்தைகளுக்காக விற்கும் தடுப்பு கேட்டுகளைப் பொருத்தினோம். செம்பி ஒரு கேட்டை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால் இரண்டு கேட்டுகளுக்கு நடுவில் நான்கடி இடைவெளி விட்டு, கேட்டின் மேல் பழைய போர்வையையும் கட்டச் சொன்னார். தடுப்புக்கு இருபுறமும் நின்று முறைத்துக்கொண்டிருப்பதும் சண்டையின் ஒரு பகுதியே என்பது அவர் விளக்கம். இந்த ஆறு வாரங்கள் வீட்டிலுள்ள மனிதர்களுக்குத்தான் கடினம். கதவை யார் திறந்தது, யார் மூடவில்லை என்று நாங்கள் பலமுறை வாய்ச்சண்டை போட்டோம். கடைசியில் என் மாமியார், எந்த நாய் வெளியே இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பூஜையறைக் கதவில் இரண்டு நிறக் கயிறுகளைத் தொங்கவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆலோசகர் அதைப் பாராட்டி, தம் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் சொல்லப்போவதாகச் சொன்னார்.

அதே காலத்தில் இரண்டுக்கும் வாய்க்கூடு போடப் பழக்கினோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை அவர் கண்டிப்பாக வேண்டாமென்றார். நாய் தன் உடல் சூட்டை வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது என்பதால், சென்னை வெயிலில் அந்தத் துணிக்கட்டு உயிருக்கே ஆபத்து. கூடை வடிவில் இருப்பதில் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், விரல் நுழையும் இடைவெளி வழியாகத் தின்பண்டமும் வாங்கிக்கொள்ளலாம். கூடையின் உட்புறம் கெட்டித் தயிரைத் தடவி, நாய் தானாக மூக்கை நுழைத்து நக்கும்படி இரண்டு வாரம் விட்டு, அதன் பிறகே பட்டையைக் கட்டினோம். ஜூலி இப்போது அந்தக் கூடையை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு மூக்கை நீட்டுகிறது.

இந்த இடத்தில்தான் சேவையின் பெரிய குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாவது வாரத்தில், வாய்க்கூடு மாட்டிய இரண்டு நாய்களையும் இருபதடி இடைவெளியில் ஒரே திசையில் தெருவில் நடத்திச் செல்ல வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். இது அகலமான நடைபாதையும் வெறிச்சோடிய தெருவும் உள்ள ஊர்களுக்கு ஏற்ற திட்டம். எங்கள் தெருவில் ஏழெட்டுத் தெருநாய்கள் இருக்கின்றன. வாய்க்கூடு மாட்டிய நாய் அவற்றின் எதிரே தற்காத்துக்கொள்ள வழியற்று நிற்கும். முதல் நாளே இரண்டு தெருநாய்கள் ஜூலியைச் சூழ்ந்துகொண்டதால் திரும்பி ஓடி வந்தோம். ஒரு வாரத்து முன்னேற்றம் வீணானது. தெரிவித்த அன்றே அவர் தவறை ஒப்புக்கொண்டு, நடையை எங்கள் மொட்டை மாடிக்கு மாற்றினார். தளம் சுடும் முன், காலை ஐந்தரை மணிக்கு, மாடியின் இரு ஓரங்களில் என் கணவர் ஜூலியுடனும் நான் செம்பியுடனும் நடப்போம். நாய்கள் ஒன்றையொன்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. வாரத்துக்கு ஓரிரு அடியாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தோம். தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத் திட்டம் எழுதியிருந்தால் அந்த வாரம் வீணாகியிருக்காது என்பது என் கருத்து.

சண்டையைப் பிரிக்கும் முறையை இவர்கள் கற்றுத் தந்தது தனியாகக் குறிப்பிடத் தக்கது. ஐந்தாவது சண்டையில் செம்பியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கப் போய், என் வலது மணிக்கட்டில் கடி வாங்கினேன். எந்த நாய் கடித்தது என்றுகூட எனக்குத் தெரியாது. சண்டையில் இருக்கும் நாய் தன்னைத் தொடும் எதையும் கடிக்கும் என்பதால், வாய்க்கு அருகே கை போகவே கூடாது. முதலில் எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கி எறியும் சத்தம், அல்லது ஒரு வாளித் தண்ணீர், அல்லது இரண்டின் மேலும் கனமான போர்வை. அதிலும் விடாவிட்டால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பின்னால் நகர வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் சதை கிழியும். வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், நடைக்கயிற்றை ஒரு நாயின் இடுப்பைச் சுற்றிச் சுருக்குப் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மற்றதைப் பின்னோக்கி இழுக்கலாம். இதை நாய்கள் இல்லாமல், இரண்டு தலையணைகளை வைத்து எங்கள் எல்லோரையும் ஒத்திகை பார்க்கச் செய்தார்.

மனிதர் மேல் பல் பட்டால், அது தடுப்பூசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தோலுக்குள் போடும் ஊசியை இலவசமாகவே போட்டார்கள். நாயின் காயத்தையும் சிறியதென்று விட்டுவிடக் கூடாது. கோரைப்பல் பட்ட இடம் வெளியே மிளகளவு ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஜூலியின் காதடியில் அப்படியொரு ஓட்டையை மஞ்சள் பூசி விட்டதில், மூன்றாம் நாள் எலுமிச்சையளவு சீழ்க்கட்டியாகிப் பெரும் வேதனைப்பட்டது.

கட்டணம் ஆறு வருகைகளுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆனது. கேட்டுகள், வாய்க்கூடுகள், மருத்துவச் செலவு எல்லாம் தனி. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. தவணையாகக் கட்ட அனுமதித்தார்கள். தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே பதில் வந்தது. தீபாவளி வாரத்தில் மட்டும், வெடிச் சத்தத்தில் இரண்டு நாய்களும் நிலைகொள்ளாமல் தவித்தபோது, மூன்று நாள் யாரையும் பிடிக்க முடியவில்லை. நாய் வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை மிகவும் தேவைப்படும் வாரம் அதுதான். எழுதிக் கொடுத்த அட்டவணைகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது மற்றொரு குறை. பகல் முழுதும் நாய்களோடு இருப்பவர் என் மாமியார்; அவருக்காக நான் ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது.

இரண்டையும் பழையபடி தோழிகளாக்கித் தருகிறேன் என்று இவர்கள் சொல்லவில்லை. சில ஜோடிகள் கடைசிவரை தடுப்புக்கு இருபுறமும்தான் வாழும் என்றும், அதுவும் முடியாத வீட்டில் ஒன்றுக்கு வேறொரு நல்ல வீடு தேடித் தருவது துரோகம் ஆகாது என்றும் முதல் நாளே சொன்னார். அந்த நேர்மைதான் என்னை இவர்களைப் பரிந்துரைக்க வைக்கிறது. கடி லேசாக இருக்கும்போதே, இரண்டாவது சண்டையிலேயே அழைப்பவர்களுக்கு இன்னும் பலன் கிடைக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் ஐந்து சண்டை தாமதித்துவிட்டோம்.

டிசம்பருக்குப் பிறகு ரத்தம் வரும் சண்டை நடக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு ஓடியபோது செம்பி உறுமியது. உறுமல் திரும்பி வந்ததற்காக அன்று நான் மகிழ்ந்தேன். ஜூலி நின்றது, முகத்தைத் திருப்பியது, நான் கூப்பிட்டதும் என்னிடம் வந்துவிட்டது. அதிலிருந்து என் கணவர் தெருமுனையிலேயே கைப்பேசியில் அழைத்துவிடுகிறார். செம்பியைப் பின் அறையில் விட்ட பிறகே கேட் திறக்கிறது. சாப்பாடு இன்னும் தனித்தனி அறையில்தான், யாரும் இல்லாதபோது இரண்டையும் ஒன்றாக விடுவதில்லை. மாலையில் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் கேட்டுகள் திறந்திருக்கின்றன. அப்போது ஜூலி மின்விசிறிக்கு நேர் கீழேயும், செம்பி ஆறடி தள்ளி மகனின் காலடியிலும் படுத்துக்கொள்கின்றன. போன வாரம் அந்த இடைவெளி ஐந்தடியாக இருந்தது.